பிரேக்கக்காவும் சர்வீஸ் கணக்கும்

காரைக்குடியில் பிரேக் பிடிக்காத சைக்கிளில் போய் உயிர் தப்பியவர்கள் உண்டு. பிரேக்கக்காவின் கண்ணில் பட்டுத் தப்பிய சைக்கிள் ஒன்றுகூடக் கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்பு, வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் நான் தங்கியிருந்தேன். பக்கத்து அறையில் இருந்தவர் பிரேக்கக்கா. நாற்பதைத் தாண்டியவர், ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். அவருடைய சொந்தப் பெயர் விடுதியை நடத்திய ஆச்சிக்கு மட்டும்தான் தெரியும். ஆச்சியும் அதை மறந்துவிட்டார்.

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொன்னதால் நான் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தேன். வாசலில் நிறுத்துவதற்குள் பிரேக்கக்கா வந்துவிட்டார். முன்சக்கரத்தைத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காதை வைத்துக் கேட்டார்.

"இத எப்ப சர்வீஸ் பண்ணீக?"

"தெரியலையே. எத்தன நாளைக்கு ஒருக்க பண்ணணும்?"

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது.

"காத்து வாரம் ஒருக்க. பிரேக்க, ஏறும்போதெல்லாம் பாக்கணும். செயினுக்கு மாசம் ஒருக்க எண்ணெய். மழையில நனஞ்சா அன்னைக்கே. செம்மண் ரோட்டுல போனீகன்னா மாசக் கணக்கு செல்லாது."

"சரிக்கா. மொத்தமா எப்ப?"

"மொத்தமான்னா எது?"

எது மொத்தம் என்று அன்று இரவு சாப்பிடும்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாதம் முடிந்ததும் பொறுப்பாகச் செயினுக்கு எண்ணெய் விட்டேன். பார்த்த பிரேக்கக்காவின் முகம் சுருங்கியது. "தொடச்சிட்டுப் போட்டீகளா?"

"இல்லக்கா."

"அப்ப எண்ணெய எடுங்க."

போட்ட எண்ணெயை எப்படி எடுப்பது என்று நான் விழித்தேன். "என்ன எண்ணெய் போட்டீக?" என்றார். தேங்காய் எண்ணெய் என்றேன். பிரேக்கக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் போடாவிட்டாலும் தப்பு, போட்டாலும் தப்பு, நிறையப் போட்டால் மண் ஒட்டும், குறையப் போட்டால் துருப்பிடிக்கும். இவ்வளவையும் கேட்டபிறகு, சர்க்கரையே வந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

விடுதி முழுக்க இதே கதைதான். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டால், இவர் மட்டும் 'தூறல் போடுகிறது, செயினைத் துடைக்கவும்' என்று போடுவார். ஆயுத பூஜையன்று ஆச்சி எல்லாச் சைக்கிள்களுக்கும் பக்தியோடு சந்தனம் பூசினார். சக்கரத்தின் விளிம்பு வரை தாராளமாகப் பூசியிருந்தார். பிரேக்கக்கா ஈரத்துணியோடு வந்து, விளிம்பில் இருந்ததையெல்லாம் வழித்து எடுத்தார்.

"சாமிக்கு வச்சத அழிக்கிறீகளே, நல்லா இருக்கா?" என்றார் ஆச்சி.

"ரிம்முல சந்தனம் இருந்தா பிரேக் வழுக்கும் ஆச்சி. அப்பறம் நேரா சாமிகிட்டதான் போகணும்."

ஆச்சி அதையும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது கவுனியரிசி விஷயத்தில்தான். கறுப்புக் கவுனியரிசி ஊறவைக்கவென்றே ஒதுக்கிவைத்திருந்த பாத்திரம் பின்கட்டில் மூடியோடு இருந்தது. ஆச்சிக்குக் கடும் ஜலதோஷம், வாசனை தெரியவில்லை. உள்ளே கன்னங்கரேலென்று இருக்கவே, யாரோ அரிசி ஊறப்போட்டிருக்கிறார்கள் என்று கையை விட்டுப் பார்த்தார். கையோடு செயின் வந்தது. டீசலில் ஊறிய செயின்.

"இந்த மாசத்தோட எடத்தக் காலி பண்ணிருங்க," என்றார் ஆச்சி பிரேக்கக்காவிடம். சத்தம்கூடப் போடவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. என் சைக்கிளின் ஹேண்டில்பாரைக் கழற்றிக் கிரீஸ் வைத்த பிரேக்கக்கா, அதைத் திரும்ப மாட்டும்போது போன் வந்து எழுந்து போனார். போல்ட்டை இறுக்க மறந்துவிட்டார். மறுநாள் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பினேன். அது திரும்பியது. சக்கரம் திரும்பவில்லை. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள், கடை வாசலில் கிடந்த வாழையிலைக் கட்டுகளின் மேல் நான் கிடந்தேன்.

"எலை வேணும்னா கேட்டு வாங்க மாட்டீகளா?" என்று கேட்டபடி கடைக்காரர் தூக்கிவிட்டார்.

முழங்கை தேய்ந்து, கால் வீங்கியிருந்தது. சாயங்காலம் பிரேக்கக்கா என் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"நாந்தான் முறுக்காம விட்டுட்டேன்," என்றார்.

"பரவால்லக்கா, எலைமேலதான விழுந்தேன்."

"லாரி வந்திருந்தா?"

அவர் போய், ஸ்பேனர் பையைப் பரண்மேல் போட்டுவிட்டார். அதன்பிறகு யார் சைக்கிளையும் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிடவும் சரியாக வரவில்லை. தட்டிக் கூப்பிட்டால் பசியில்லை என்பார். வாட்ஸ்அப் குழுவில் வெறும் ரோஜாப்பூக்களாக நிறைந்தன. மழை வந்தது, எல்லாச் செயின்களும் கிறீச்சிட்டன. நிம்மதியாக இருக்க வேண்டிய ஆச்சிதான் வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பூட்டிக் கிடந்த சாமான் அறையிலிருந்து ஆச்சி ஒரு சைக்கிளை இழுத்து வந்தார். துரு மட்டும்தான் அதைச் சேர்த்துப் பிடித்திருந்தது. அதைப் பிரேக்கக்காவின் அறை வாசலில் சாத்தினார்.

"இத எத்தன நாளைக்கு ஒருக்க சர்வீஸ் பண்ணணும்?"

பிரேக்கக்கா எட்டிப் பார்த்தார். "இதுக்குச் செயினே இல்லையே ஆச்சி."

"தெரியும். செயின் இல்லாததுக்கு எத்தன நாளைக்கு ஒருக்கன்னு கேக்குறேன்."

பிரேக்கக்கா குழம்பி நின்றதை நான் பார்த்தது அன்றுதான். ஆச்சியைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானும் குழம்பித்தான் நின்றேன்.

"பெடலும் ஒண்ணுதான இருக்கு," என்றார் கடைசியில்.

"இருக்கட்டும். மொதல்ல சாப்புட்டு வந்து பாருங்க. மாசக் கடைசின்னு சொன்னேன்ல, அத விடுங்க." ஆச்சி திரும்பி நடந்தார். நடந்துகொண்டே, "பாத்திரத்த மட்டும் தொடாதீக," என்றார்.

சாப்பாடு முடிந்ததும் பரணிலிருந்து பை இறங்கியது. அந்தத் துரு சைக்கிள் கடைசிவரை ஓடவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் அதற்குச் சர்வீஸ் நடந்தது. ஓடாத வண்டிக்கு எதற்கு என்று கேட்டதற்கு, "ஓடுறதுக்கு முன்னாடி பண்றதுதான சர்வீஸ்," என்றார். அதுவும் எனக்குப் புரியவில்லை.

அடுத்த வருஷம் அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம் மாற்றல் வந்தது. வழியனுப்ப விடுதியே பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தது. வழியில் கொறிக்க என்று ஆச்சி சீப்புச்சீடை டப்பாவோடு நின்றார். பிரேக்கக்கா நேராகப் போய்ப் பஸ்ஸின் பின்சக்கரத்தருகே குனிந்தார். பிறகு டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார். டிரைவர் முதலில் முறைத்தார், அப்புறம் இறங்கிவந்து தானும் குனிந்தார். கண்டக்டரும் ஸ்பேனரோடு வந்து குனிந்தார்.

பஸ் தாமதமாகத்தான் கிளம்பியது. பயணிகள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். எங்களில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.