மாஸ்ரருக்குக் கொண்டுபோன சுறா

பாடம் விளங்காமலே வகுப்பில் தப்பிப் பிழைப்பது எப்படி என்று யாராவது புத்தகம் எழுதச் சொன்னால், முதல் பத்து அத்தியாயங்களை நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுப்பேன். பதினோராவதில்தான் சிக்கல். அதில் ஒரு சுறா வருகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. பருத்தித்துறைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உயர்தர விஞ்ஞான வகுப்பில் இருந்தேன். (‘படித்தேன்’ என்று எழுத மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை.) எனக்கு ஆலோசகர் அண்ணை. அதே பரீட்சையை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் கோட்டை விட்டவர் என்பதால், வகுப்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

“முன் வாங்கிலையும் இருக்காதை, கடைசி வாங்கிலையும் இருக்காதை. மாஸ்ரர் பலகையிலை எழுதேக்கை நீயும் குனிஞ்சு என்னத்தையாவது எழுது. முக்கியமா, பாடத்தைத் தவிர மற்ற எல்லாத்துக்கும் முதல் ஆளாய்க் கையை உயர்த்து. வேலை செய்யிற பிள்ளையை ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்.”

அப்படியே செய்தேன். வெண்கட்டி எடுத்துவர நான். வரவு இடாப்பை அதிபரின் கந்தோருக்குக் கொண்டுபோக நான். எலும்புக்கூட்டுக்குத் தூசி தட்டவும் நான்தான். விலங்கியல் அறையில் எனக்குத் தெரியாத அலுமாரி கிடையாது. தெரியாதது விலங்கியல் மட்டும்தான்.

விலங்கியல் மாஸ்ரர் கோப்பாயிலிருந்து பஸ்ஸில் வருவார். நெற்றி நிறைய விபூதி, சுத்த சைவம். தவளை வெட்டுகிற நாளில் மத்தியானச் சாப்பாட்டைத் தொடமாட்டார். இரண்டாம் தவணைப் புள்ளிகளைப் பார்த்த பிறகு அவருக்கும் பொறுக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நீர் எனக்கு நல்ல உதவி. ஆனால் இருபத்தொரு மாக்ஸை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? வாற வெள்ளி செய்முறைச் சோதினை. சுறாவின்ரை உணவுக்கால்வாய். நான் வெட்டிக் காட்டினாப்போலை நீங்கள் உறுப்புகளைச் சொல்லவேணும். அதிலையும் சரிவராட்டில் திங்கக்கிழமை நீர் கலைப் பிரிவுக்குப் போம்.”

அப்பா கடலோடி. மகள் டொக்டராகப் போகிறாள் என்று கரையிலே ஒரு தோணி மிச்சமில்லாமல் சொல்லி வைத்திருந்தார். ஆகவே வாழ்க்கையில் முதல்தடவையாக உட்கார்ந்து படித்தேன். மூன்று நாள். இரைப்பை, ஈரல், சதையி, மண்ணீரல். கண்ணை மூடினால் சுறாவின் குடல்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை மாஸ்ரர், “சுறா கொண்டுவர ஆராலை ஏலும்?” என்று கேட்டார். அண்ணையின் பயிற்சி வீண்போகவில்லை. கை தானாகவே உயர்ந்தது.

வெள்ளி காலையில் அப்பா கொண்டுவந்த மீனுக்குள் நல்லதொரு பால்சுறா கிடந்தது. அம்மா அதைத் தூக்கிப் பார்த்தார்.

“உதேன் பள்ளிக்கூடத்துக்கு?”

“மாஸ்ரர் வெட்டிக் காட்டுவார். நாங்கள் பாத்துப் பழகவேணும்.”

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. “என்ரை பிள்ளைக்கு மீன் வெட்ட, மச்சம் தொடாத மனிசன் காட்டித் தரவேணுமோ? ஊர் சிரிக்காதே?”

“உங்களுக்கு உது விளங்காதம்மா” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். அம்மாவின் விளக்கக் குறைவு பற்றிக் கருத்துச் சொன்னது, இருபத்தொரு மாக்ஸ் எடுத்த வாய்.

குளித்து, இரட்டைப் பின்னல் பின்னி வந்தபோது பனையோலைப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். தூக்கினேன். பாரம் குறைவாகத்தான் இருந்தது. பிடித்து நேரமாகிவிட்டதால் சுறா காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். (விஞ்ஞான மாணவி!)

விலங்கியல் அறையில் பதினான்கு பேர் மேசையைச் சுற்றி நின்றோம். மாஸ்ரர் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தார், வாழையிலையை விரித்தார்.

உள்ளே அளவெடுத்தாற்போல் துண்டங்கள். சுடுதண்ணீர் ஊற்றித் தோல் சுரண்டி, மஞ்சளும் உப்பும் பூசி வரிசையாக அடுக்கியிருந்தது. ஒரு மூலையில் கறிவேப்பிலைக் கொத்து, நாலு பச்சைமிளகாய். எங்கே போனாலும் மீன் கறிக்குத்தான் என்று அம்மா நினைத்திருக்கவேண்டும்.

பின்னாலிருந்து ஒருத்தி, “சேர், தேங்காய்ப்பால் பிழியட்டோ?” என்றாள்.

மாஸ்ரர் சிரிக்கவில்லை. “பிள்ளை, இரைப்பை எங்கை?”

“வீட்டிலை, சேர்.”

“ஈரல்?”

“அதுவும் வீட்டிலைதான், சேர்.”

அது பொய். மூன்று நாள் நான் பாடமாக்கிய அத்தனை உறுப்பும் அந்நேரம் எங்கள் வீட்டுப் பூனையின் வயிற்றில் இருந்தன.

“இதை ஆர் வெட்டினது?”

“அம்மா, சேர்.”

லேஞ்சியை எடுத்துவிட்டுத் துண்டங்களைக் குனிந்து பார்த்தார். “ஒரு துண்டுகூட ஏறுக்குமாறாய் இல்லை. உங்கடை அம்மாவை அனுப்பும், விஞ்ஞானப் பிரிவிலை வைச்சிருக்கிறன். நீர் திங்கக்கிழமை கலைக்குப் போம்.”

வழி முழுக்க அம்மாவை என்னென்ன பேசவேண்டும் என்று சேர்த்துக்கொண்டு போனேன். அம்மா வாசல் படலையடியிலேயே நின்றார்.

“மாஸ்ரர் என்னவாம்?”

அவர் நகங்களில் மஞ்சள் இன்னும் போகவில்லை. காலையில் நான் சொன்ன வார்த்தைதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

“ஒரு துண்டுகூட ஏறுக்குமாறாய் இல்லையெண்டு சொன்னவர்.”

அன்று பின்னேரத்துக்குள் எங்கள் ஒழுங்கையின் எல்லா வீட்டுக்கும் அம்மா அதைச் சொல்லிவிட்டார். எனக்குப் புவியியலில் திடீர் ஆசை வந்துவிட்டதாக அப்பாவிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து எனக்குப் புவியியல் ஆசிரியை நியமனம் வந்த அன்றுதான், அண்ணை பாயசத்தைக் குடித்துக்கொண்டே, நான் அவருக்கு மட்டும் சொல்லியிருந்த உண்மையைப் போட்டு உடைத்தார். அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

“அடி விசரி, குடல்தான் வேணுமெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? வடிவாய்க் கழுவித் தந்திருப்பனே!”

அதனால் வகுப்பில் தேற வழி கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: என்ன படிக்கிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் அதை மறக்கவும் வழியில்லை. இன்றைக்கும் யாராவது பரீட்சைக்குப் புறப்பட்டால், அண்ணை படலைவரை வந்து கேட்பார்:

“எல்லாம் எடுத்தாச்சோ? குடல் கிடக்கோ எண்டு ஒருக்காத் திறந்து பார்.”