சம்பந்திக்கு ஒரு புளியமர விளக்கம்

திண்டுக்கல்,
ஆடி 21, 1998.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய கீரனூர் சம்பந்தி முத்துச்சாமி அவர்களுக்கு, திண்டுக்கல் வேலுமயில் கைகூப்பி எழுதிக்கொண்டது.

இங்கு நானும் என் மனைவி அன்புக்கரசியும் தங்கள் மருமகள் சத்யபிரியாவும் சுகமாக இருக்கிறோம். கடிதத்தில் இந்த வரியை யாரும் நின்று படிப்பதில்லை. தாங்கள் தயவுசெய்து இன்னொரு தடவை படிக்கவும். சத்யபிரியா சுகமாக இருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னிடம் வாயாடுகிறாள். அவளுக்குப் பேய் பிடிக்கவில்லை. அங்கு தாங்களும், சம்பந்தியம்மா பெருமாயி அவர்களும், மாப்பிள்ளை செழியனும் சுகமாக இருக்க பழனியாண்டவன் துணை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் ஊர் மளிகைக் கடைக்குப் போன் போட்டால், தாங்கள் வந்து எடுக்கும்வரை கடைக்காரர் "என்ன விசயமுங்க, என்ன விசயமுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இது பருப்பு வாங்க வந்தவர்கள் கேட்கிற விஷயம் இல்லை. அதனால்தான் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை தங்கள் அக்கா மகன் அன்புமணி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "வாங்க தம்பி, உட்காருங்க, மோர் குடிங்க" என்றேன். உட்காரவில்லை, மோரும் வேண்டாம் என்றுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல், என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த எலக்ட்ரிக் மீட்டரைப் பார்த்துக்கொண்டு, "மாமா சொல்லிவுட்டாருங்க. புள்ளைக்கு நத்தம் பக்கம் புளியமரத்துல என்னமோ புடிச்சிருக்குதாமுங்க. அதைய ஓட்டிச் சரி பண்ணுங்க. இல்லாட்டி ஆவணி பொறந்தாலும் கூப்புட வரமாட்டமுங்க" என்று ஒப்பித்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார். அன்புக்கரசி அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி மூன்று மாதம், தலை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு வந்த பெண்ணைத் திரும்பக் கூப்பிட வரமாட்டோம் என்றால் பெற்றவர்களுக்குப் பயம் வருமா வராதா? எனக்கு வந்தது. சொல்வதற்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேடசந்தூர் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ரிப்போர்ட் எழுதிப் பழக்கம் உண்டு.

ஆடிக்கு வந்த பிள்ளைக்கு இங்கே வேலை இல்லை. அம்மா அடுப்படிக்குள் விடமாட்டாள், நான் கடைக்கு அனுப்பமாட்டேன். சும்மா இருக்கமாட்டாமல் ஒருநாள் கொல்லையில் முருங்கை மரத்தில் ஒரு தாளை வைத்து மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். (என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை.) பென்சில் ஓட ஓட, எழுத்துக்கு நடுவே மரத்தின் மேல்பட்டை தாளில் விழுந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் காசுமேல் தாளை வைத்துத் தேய்த்தால் காசு விழுமே, அதேபோல. கடிதத்தை விட்டாள், மரத்தைப் பிடித்தாள். இஸ்திரிக்காரரிடம் கரித்துண்டு வாங்கிவந்து வேம்பைத் தேய்த்தாள், தென்னையைத் தேய்த்தாள், தெருமுனைப் பூவரசைத் தேய்த்தாள். நான் ஈஸிசேரில் இருந்தபடியே, "ஏம்மா, எல்லாம் மரம்தானே, ஒண்ணு தேய்ச்சாப் போதாதா?" என்று கேட்டேன். அவள் எல்லாத் தாளையும் என் மடியில் போட்டு, "நீங்களே பாருங்கப்பா" என்றாள்.

பார்த்தேன் சம்பந்தி. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்த வேம்பில்தான் கொடி கட்டி வேட்டி காயப்போடுகிறேன், ஒருநாளும் அதை நான் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வேம்பு பாளம் பாளமாக வெடித்திருக்கிறது, கண்மாய் வற்றின மாதிரி. தென்னையில் வளையம் வளையமாக வருகிறது, ஆனால் ஒரு வளையமும் முழுதாகச் சுற்றி முடிவதில்லை. அது ஏன்? தாங்கள் விவசாயம் பார்க்கிறவர், தங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எனக்கு இது தெரியாமல் இரண்டு நாள் சரியாகத் தூக்கம் இல்லை.

அதன்பிறகு என் வீட்டில் ஒரு பொருளும் அதன் இடத்தில் இல்லை. கொல்லைக் குளியலறைக் கதவு கீல்விட்டுக் கிடந்தது. ஆசாரியைக் கூப்பிடலாம் என்றிருந்தேன். அதை எடுத்துக் கூடத்தில் படுக்கப்போட்டு, "இதுலதாம்ப்பா காடு வரப்போகுது" என்றாள். கரி தேய்த்த தாள்களைக் கிழித்துக் கிழித்து அதில் மரங்களாக ஒட்டினாள். சாக்கைப் பிரித்துத் திரித்து வேர் வைத்தாள். மில்லில் இருந்து கழிவுப் பஞ்சு கொண்டுவரச் சொன்னாள், சிறுமலைப் பக்கம் காலையில் இறங்குமே அந்த மூடுபனிக்காக. பூட்டுப் பட்டறையில் பித்தளைச் சீவல் வாங்கிவரச் சொன்னாள், இலைக்கு ஊடே விழுகிற வெயிலுக்காக. கழிவுப் பஞ்சைக் கூட்டித் தள்ளச்சொல்லி ஆட்களிடம் கத்தியே என் தொண்டை போனது. அதே மில் கேட்டில் போய்ப் பை நிறையப் பஞ்சு கேட்டு நின்றேன். வாட்ச்மேன் "தலகாணிக்கா சார்?" என்றான். "பனிக்குப்பா" என்றேன். அவன் எனக்கு ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டான். வீட்டில் குளிக்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் சாக்கைத் தொங்கவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கிறோம். இதெல்லாம் ஒரு தகப்பன் படவேண்டியதா? போகட்டும்.

இனி புளியமரத்துக்கு வருகிறேன். காட்டுக்கு நடுவில் வைக்க ஒரு பெரிய மரம் வேண்டும், கிழட்டுப் புளியாக இருந்தால்தான் சரிவரும் என்றாள். நானே கூட்டிக்கொண்டு நத்தம் பஸ் ஏறினேன். ரோட்டோரத் தோப்பில் நல்ல பெரிய மரமாகப் பார்த்து அவளை விட்டுவிட்டு, செத்த நேரம் எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். அவள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். மரம் பெரிசு, தாள் நிற்கவில்லை. அதனால் தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றித் தாளை மரத்தோடு மாட்டினாள், கூந்தல் அவிழ்ந்துவிட்டது. கரிக்கையால் வேர்வையைத் துடைத்தாள், முகம் கறுத்துவிட்டது. தாளின் மறுமுனையைப் பிடிக்க இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டாள். மரம் அச்சு அசலாகத் தாளில் விழுந்ததும் சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். இதில் எது குற்றம்? ஆனால் ஆடி வெள்ளி, உச்சி வேளை, புளியமரம், கழுத்தில் புதுத் தாலி, தலைவிரிகோலம், கறுத்த முகம், மரத்தைக் கட்டிப்பிடித்துச் சிரிப்பு. தோப்புக் காவல்காரர் சோலைமலை அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார்.

ஒரே ஓட்டமாக அவர் ஓடிவந்தது டீக்கடைக்குத்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அந்தப் பக்கம் போயிராதீக! ஒரு பொம்பளப்பிள்ள புளியமரத்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு கெக்கெக்கேன்னு சிரிக்கிது. ஆத்தாடி, அந்த மூஞ்சி!" என்று நடுங்கினார். நான் நிதானமாக, "பயப்படாதீங்க. அது என் மகதான். நான்தான் கூட்டிவந்து விட்டேன்" என்றேன். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பெத்த வயிறு என்ன பாடுபடுமோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு என் டீக்கும் அவரே காசு கொடுத்தார். ஆறுதலாக, "பிள்ளைய எந்தூர்ல குடுத்திருக்கீக, யாரு வீடு?" என்று விசாரித்தார். கேட்ட மனிதருக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா? கீரனூர், முத்துச்சாமி, வெங்காய வியாபாரமும் உண்டு என்று அத்தனையும் சொன்னேன். பிறகென்ன, செய்தி நத்தம் பஸ்ஸில் ஏறித் திண்டுக்கல்லில் இறங்கி, பழனி பஸ்ஸில் மாறி, நாங்கள் வீடு வந்து சேருமுன் தங்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்புமணி வந்துபோன பிறகு அன்புக்கரசியை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் மனசு கேட்காமல் மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்து, "நெத்தியில தடவுடி பிள்ள" என்று கொடுத்தார். சத்யபிரியா பயபக்தியாக நெற்றியில் தடவிக்கொண்டாள். கையில் ஒட்டியிருந்த மிச்சம் கரித்தாளில் பட்டது. பட்ட இடமெல்லாம் தாள் பச்சை இலையை வெயிலில் பிடித்த மாதிரித் துலங்கிவிட்டது. "அக்கா, இன்னொரு பாட்டில் கிடைக்குமா?" என்று அவள் கேட்க, நோய் முற்றிவிட்டது என்று வியாகுலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார். இவள் சமையல் நல்லெண்ணெயை எடுத்துத் தடவிப் பார்த்தாள்; அதுவும் துலங்கியது. ஆக எண்ணெயின் குணம் அது. ஏன் எண்ணெய் பட்டால் தாளுக்கு ஊடே வெளிச்சம் வருகிறது? அதையும் யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.

மறுநாள் அன்புக்கரசி எனக்குத் தெரியாமல் ஒரு கோடாங்கியை வரவழைத்துவிட்டாள். மனிதர் உடுக்கையை அடித்து, கண்ணை உருட்டி, "சொல்லு! எந்த மரத்துல இருந்து வந்த?" என்றார். தரையில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்த என் மகள் தலைநிமிராமல், "இது புளியில வந்ததுங்க. இது வேம்பு. இது ரெண்டும் பூவரசு. இது முருங்கை" என்று காட்டிக்கொண்டே போனாள். உடுக்கை நின்றுவிட்டது. "அம்புட்டுமா?" என்றார் கோடாங்கி. "இன்னும் ஆலமரம் வரல. அதுக்குத்தான் காத்திருக்கேன்" என்றாள். அவர் பாவம், வியர்த்துப்போய், கடைசி வழியாக வேப்பங்குழையை ஓங்கினார். அப்போதுதான் நான் பாய்ந்து குறுக்கே நின்றேன். முதல் வீச்சு என் தோளில் விழுந்தது. "என் பிள்ளை மேல ஒரு இலை பட்டுச்சு, நடக்கிறதே வேற!" என்று கத்தினேன். மில்லில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. அவள் பிறந்தபோது ஒரு கையில் அடங்கினாள். யாரும் அவளை அடிக்க விடமாட்டேன், தாங்களே சொல்லி அனுப்பினாலும் விடமாட்டேன். இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோடாங்கி குழையைப் போட்டுவிட்டு, "இத்தனையையும் ஒத்த ஆளா ஓட்ட ஏலாதுய்யா" என்று போய்விட்டார். அந்த வேப்பிலைகள் இப்போது காட்டில் தரையில் உதிர்ந்து கிடக்கின்றன. பசை தடவி ஒட்டியது.

காட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு கதவு அகலம்தான். ஆனால் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. மரங்களுக்கு நடுவே ஒரு வழி போகிறது, பஞ்சுப் பனிக்குள் போய் மறைந்துவிடுகிறது. "இது எங்கேம்மா போகுது?" என்று கேட்டால், "இன்னும் தெரியலப்பா. போய்ப் பார்த்தாத்தான் தெரியும்" என்கிறாள். நானும் இப்போது பஸ் ஸ்டாப்பில் நின்றால் பக்கத்து மரத்தைத் தடவிப் பார்க்கிறேன். போவோர் வருவோர் என்னையும் ஒருமாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

ஆகவே சம்பந்தி அவர்களே, தங்கள் மருமகளுக்குப் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கையில் ஒரு வேலை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆவணி முதல் தேதி தாங்கள் குடும்பத்தோடு வந்து, இங்கே கைநனைத்து, பெண்ணை முறையாக அழைத்துப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசி. வெள்ளாமை செழித்து, வெங்காயத்துக்கு நல்ல விலை கிடைத்து, வாசலில் வண்டி நிற்க இடமில்லாமல் தாங்கள் வாழவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை வாசலில் நின்று எதிர்பார்க்கும்
வேலுமயில்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் இதை சத்யபிரியாவிடம் படித்துக் காட்டினேன். "நல்லா எழுதிருக்கீங்கப்பா. ஆனா அனுப்பாதீங்க" என்றாள். ஏன் என்றேன். "பேய் இல்லன்னு தெரிஞ்சா ஆவணி ஒண்ணாந்தேதியே வந்து கூட்டிட்டுப் போயிருவாகல்ல? காடு பாதிதானப்பா முடிஞ்சிருக்கு!" என்றாள். நானும் அந்த வழி எங்கே போகிறது என்று இன்னும் பார்க்கவில்லை. ஆகவே மேலே எழுதியது எதையும் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைக்குப் பேய் பிடித்திருப்பது உண்மைதான். ஐப்பசிக்கு முன்னால் இறங்காது என்று தெரிகிறது. ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளையை மட்டும் அனுப்பி வைக்கவும். அவர்மேல் அதற்குக் கோபம் ஒன்றும் இல்லையாம். ஆலமரத்தில் தாளை எட்டிப் பிடிக்க உயரமான ஆள் வேண்டும் என்று தினமும் கேட்கிறது.