பாலத்தில் மாட்டிய பஸ்ஸும் பத்திரிகையில் வந்த என் படமும்

பொன்ட்வெர்ன்,
வியாழக்கிழமை, மழை

மரியாதைக்குரிய மைத்துனர் டெக்வின் அவர்களுக்கு,

இங்கு நானும் மழையும் சௌக்கியம். கார்டிஃபில் தாங்களும் தங்கள் துணைவியாரும் அந்தக் குட்டை நாயும் சௌக்கியமாகவே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நேற்று போனில், “அத்தான், எழுபத்தாறு வயசுல பஸ் மறியலா? அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். பத்திரிகைக்காரன் என் படத்துக்குக் கீழே ‘பேருந்தைக் கைப்பற்றிய முதியவர்’ என்று போட்டிருக்கிறான். நான் எதையும் கைப்பற்றவில்லை. ஏறி உட்கார்ந்தேன். பஸ் என்பதே ஏறி உட்காருவதற்காகச் செய்த பொருள்தானே? நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். நாற்பது வருடம் தபால்காரனாக ஊராருடைய கடிதங்களைச் சுமந்தவன். என்னுடையது ஒன்று கொஞ்சம் கனமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

தங்கள் அக்கா ஓல்வென் பிப்ரவரியில் சாலேம் சபைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதும், பிறகு டவுனில் உள்ள பராமரிப்பு இல்லத்தில் சேர்த்ததும் தங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. ஒன்பது வாரத்துக்கு முன்பே டாக்டர் அவளை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் காலையும் மாலையும் வந்து அவளுக்குக் குளிக்கவும் உடுத்தவும் உதவ கவுன்சில் ஒரு பணிப்பெண்ணை ஏற்பாடு செய்தாக வேண்டும். ஒருத்தி கிடைத்தாள். நல்ல பெண். அவளிடம் கார் இல்லை, நம் ஊர் பஸ்ஸில்தான் வர வேண்டும். அந்த பஸ்ஸையே நிறுத்தலாமா என்று கவுன்சிலின் இன்னொரு மாடியில் யோசித்துக்கொண்டிருந்ததால், இந்த மாடிக்காரர்கள், பஸ் விஷயம் முடிவாகட்டும் என்று ஓல்வெனின் கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்கள். ஆக, பஸ் இருந்தால் அவள் வீட்டுக்கு வருவாள், பஸ் போனால் வரமாட்டாள். எனக்கும் கண் மங்கி லைசென்ஸ் போய்விட்டதால், அவளைப் போய்ப் பார்ப்பதற்கும் அதே பஸ்தான். தினமும் காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பை டீ போட்டு ஒன்றைக் கொட்டுகிறேன் மச்சான். இதை அவளிடம் சொல்ல வேண்டாம். டீத்தூள் வீணாவதற்குத் திட்டுவாள்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எங்கள் பஸ்ஸில் ஒரு நடைக்குச் சராசரியாக இரண்டே முக்கால் பேர் போகிறார்களாம். அந்த முக்கால் ஆள் யார் என்று ஊரில் பெரிய விவாதம். என் உயரத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் என்னையே காட்டுகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஒரு அதிகாரி வந்து தலை எண்ணுவார், எட்டுத் தலைக்குக் குறைந்தால் பஸ் கிடையாது, அதற்குப் பதிலாக ஒரு போன் நம்பர். காலை ஒன்பதிலிருந்து ஒன்பது இருபதுக்குள் கூப்பிட்டால் கார் அனுப்ப முயல்வார்களாம். கூப்பிட்டுப் பார்த்தேன். வெல்ஷ் மொழியில் பேச ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். வெல்ஷ் பேசும் அலுவலர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று ஒரு பெண்குரல் மிக அழகான வெல்ஷில் சொன்னது. காலை ஒன்பது ஐந்துக்கு எந்த வேளைச் சாப்பாடு அது என்று அந்தக் குரலிடமே கேட்டேன். மறுபடியும் ஒன்றை அழுத்தச் சொன்னது.

உடனே ஊர்க் கூட்டம் போட்டோம். சாலேம் சபை மண்டபத்துக்குள் பெத்தானியா சபைக்காரர்கள் கால் வைக்கமாட்டார்கள், அவர்கள் மண்டபத்துக்குள் நாங்கள் வைக்கமாட்டோம். அதனால் மது அருந்தாத இரண்டு சபையும் மதுக்கடையில் கூடின. ஆர்மோனியத்தைப் பிரசங்க மேடைக்கு இடப்பக்கம் வைப்பதா, வலப்பக்கம் வைப்பதா என்று நூறு வருடத்துக்கு முன்னால் பிரிந்தவர்கள் நாம். இன்று இரண்டு ஆர்மோனியமும் ஊமை. சண்டை மட்டும் இன்னும் நல்ல சுதியில் இருக்கிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் சாலேம், அந்தப் பக்கம் பெத்தானியா, நடுவில் அந்தக் கூன் விழுந்த பாலம்.

ஊரே திரண்டு பஸ்ஸில் ஏறுவது என்று தீர்மானமானதும் பெத்தானியாவின் ஹெவினா எழுந்தாள். அவளைத் தங்களுக்கு நினைவிருக்கும். இயேசு உயிர்த்தெழுந்த காலை அவள் அங்கே இருந்திருந்தால், ஏன் லேட் என்று கேட்டிருப்பாள்.

“பஸ்ஸுக்காக எதுவேணா செய்வோம். ஆனா சாலேம்காரங்க பக்கத்துல மட்டும் உட்கார மாட்டோம், சொல்லிட்டேன்.”

“நீங்க உட்கார்ந்தா சீட்டே தாங்காது, எங்க பயம் அது” என்றேன் நான்.

பஸ் ஓட்டுகிற மெனா ஜூஸை வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஆளுக்கொரு நாள் ஏறித் தொலைங்க. செவ்வாய் சாலேம், வெள்ளி பெத்தானியா. எனக்கு ரெண்டு நாளும் தலைவலிதான்.”

செவ்வாய்க்கிழமை நாங்கள் பத்தொன்பது பேர். பஸ்ஸில் இருப்பது பதினாறு சீட். எண்ண வந்த அதிகாரி பென்னிங்டன் என்று ஓர் ஆங்கிலேயர். வெல்ஷ் கற்றுக்கொண்டிருக்கிறார், நம்மோடு வெல்ஷில் பேசும்போது வேறேதோ மொழி பேசுவதுபோல் இருக்கும், ஆனாலும் விடாமல் பேசுகிறார், நல்ல மனிதர். எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும். ஆனால் சபைப் பாட்டின் நாலு குரலுக்கும் போதுமான ஆள் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டதை முதல் திருப்பத்திலேயே யாரோ கவனித்துவிட்டார்கள். பிறகு பாடாமல் இருக்க முடியுமா? டவுன் வந்துவிட்டது, கதவு திறந்துவிட்டது, பாட்டு முடியவில்லை. கடைசி இரண்டு வரியைத் திருப்பிப் பாடாமல் இறங்குவது நம் வழக்கத்திலேயே இல்லை. திருப்பிப் பாடினோம். நன்றாக அமைந்துவிட்டதால் இன்னொரு தடவையும் பாடினோம். மெனா இன்ஜினை அணைத்துவிட்டு மேல்குரலில் சேர்ந்துகொண்டாள். பஸ் இருபத்தைந்து நிமிடம் லேட். பென்னிங்டன் அதையும் எழுதிக்கொண்டார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுதினார்.

நம் பத்தொன்பதைக் கேள்விப்பட்ட ஹெவினாவுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்காது. வெள்ளிக்கிழமை பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்தெல்லாம் அத்தை மகன், சித்தி மகள், சம்பந்தி என்று பெத்தானியா உறவு முழுவதையும் இறக்கிவிட்டாள். பதினோரு காரில் வந்தார்கள். பஸ்ஸைக் காப்பாற்றக் காரில் வந்தவர்களை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது! மொத்தம் நாற்பத்தொரு பேர். அன்று ஓல்வெனின் பிறந்தநாள். நானே டீயில் உலர்திராட்சையை ஊறப்போட்டு, நானே சுட்ட பழரொட்டியோடு நிறுத்தத்தில் நிற்கிறேன். “அண்ணே, ஒரு காலைக்கூட உள்ளே வைக்க இடமில்லையே” என்று மெனா கதவை மூடினாள். அந்த பஸ்ஸில் உண்மையாகவே போக வேண்டியிருந்த ஒரே மனிதன் நான்தான் மச்சான். அழுகையே வந்துவிட்டது. ரொட்டியை மழையில் நின்று நானே தின்றேன், கொஞ்சம் கருகியிருந்தது. பென்னிங்டனின் உதவியாளர், ஏற முடியாமல் நின்றவர்களுக்கெல்லாம் கருத்துச் சொல்ல ஓர் அட்டை கொடுத்தார். கண்ணாடிகூட இல்லாமல் நானும் ஏதோ எழுதிக் கொடுத்தேன். நாகரிகமாகத்தான் எழுதியிருப்பேன்.

எண்ணிக்கையைப் பார்த்து முடிவு சொல்லும்வரை பஸ்ஸை ஓட்டாமல் வைத்திருந்தார்கள். பதினைந்து நாளில் பதில் வந்தது. பஸ் நிற்காது! ஊரே கைகுலுக்கிக்கொண்டது, ஆற்றின் அந்தந்தப் பக்கத்தில். நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தை யாரும் படிக்கவில்லை. பயணிகள் கூட்டத்தைக் கருத்தில் கொண்டும், ஒரு பயணி எழுத்துமூலம் கேட்டுக்கொண்டதை ஏற்றும், இனி ஐம்பத்து மூன்று சீட் பஸ் அனுப்புகிறோம் என்று அதில் இருந்தது. ஐம்பத்து மூன்று சீட்! நம் பாலத்தில்! செம்மறி ஆடுகளே ஒற்றை வரிசையில் போகிற பாலத்தில்! எந்த மடையன் இதைக் கேட்டான் என்று நான் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

திங்கட்கிழமை காலை அந்த பஸ் டவுனிலிருந்து வந்தது. பாலத்தின் மேல் ஏறியது. வயிறு கூனில் தட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. மூக்கு சாலேம் பக்கம், வால் பெத்தானியா பக்கம், முன்சக்கரமும் பின்சக்கரமும் கைப்பிடிச் சுவர்களுக்கு நடுவே அசையாமல். தூக்குவதற்கு கிரேன் வர வேண்டியது சாலேம் பக்கத்திலிருந்து. சாலேம் பக்கம் வருவதற்கு இருக்கிற ஒரே வழி அந்தப் பாலம். ஊரார் யாராவது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டுமானால், முன்கதவில் ஏறி, சீட்டுகளுக்கு நடுவே நடந்து, பின்னால் உள்ள அவசரக் கதவு வழியாகக் குதிக்க வேண்டும். நான் ஏறினேன், பாஸைக் காட்டினேன், மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தேன்.

“அண்ணே, இறங்குங்க. இது எங்கயும் போகாது” என்றாள் மெனா.

“ஏறியாச்சு, பாஸ் காட்டியாச்சு. டவுன்ல கொண்டுபோய் விடறது உன் பொறுப்பு. என் பெண்டாட்டியைப் பார்த்துப் பதினெட்டு நாளாச்சு.”

அதற்குப் பிறகு அவள் இறங்கச் சொல்லவில்லை. பின்கதவு வழியாக ஹெவினா ஃப்ளாஸ்கில் டீயோடு ஏறி வந்தாள். எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, சாலேம்காரன் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று சொன்னதை மதித்து, எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்தப் பத்திரிகைக்காரன் படமெடுத்தான்.

பென்னிங்டனும் வந்தார். பெரிய பஸ் கேட்டு எழுதிய அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். பெயர் இல்லை. “இப்படிக் கொடுங்க, இந்தப் பள்ளத்தாக்குல எனக்குத் தெரியாத கையெழுத்தே கிடையாது” என்று வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கோணல்மாணலான எழுத்து, அகம்பாவம் பிடித்த எழுத்து, சந்தேகமே இல்லாமல் பெத்தானியா எழுத்து. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஹெவினா கொடுத்த டீயைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். நேற்று கவுன்சிலிலிருந்து கடைசி நோட்டீஸ்: இந்தச் சாலை பஸ் செல்ல ஏற்றதல்ல, ஆகவே வழித்தடம் ரத்து.

ஆகையால் இத்துடன் ஒரு மனு வைத்திருக்கிறேன். தாங்களும் துணைவியாரும் தெருவில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட்டு உடனே அனுப்புங்கள். பழைய சின்ன பஸ் வேண்டும். ஓல்வென் வீட்டுக்கு வர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். பத்திரிகையை மட்டும் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவர் தங்கள் வீட்டுக் கூரையையும் நாயின் தொண்டையையும் காப்பாராக. சாலேம் சபையின் வாழ்த்தும், கேட்டால் மட்டும், பெத்தானியா சபையின் வாழ்த்தும்.

தங்கள் அன்புள்ள அத்தான்,
இத்வால்

பின்குறிப்பு: தபால்பெட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பதால், இதை எடுத்துக்கொண்டு இன்று மத்தியானம் பஸ்ஸுக்குள் ஏறினேன். எதிரே, பின்கதவு வழியாக, பெத்தானியா ஆண்கள் கீழிருந்து தூக்க, சாலேம் ஆண்கள் மேலிருந்து இழுக்க, நடைவண்டியோடு உங்கள் அக்கா ஏறிக்கொண்டிருந்தாள். பத்திரிகையைப் பார்த்துவிட்டாளாம். இல்லத்து வேனைக் கேட்டு வாங்கி, பிசியோதெரபிப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மெனா பாஸ் கேட்டாள், ஓல்வென் காட்டினாள். சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு நடந்து, முன்படியில் தானாகவே இறங்கினாள். இத்தனை படி ஏறி இறங்குபவள் வீட்டிலேயே இருக்கலாம் என்று அந்தப் பெண் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். காலையில் சாலேம் பெண்களும் மாலையில் பெத்தானியா பெண்களும் வந்து உதவுவதாக ஏற்பாடு. இப்போதே அடுப்பில் இரண்டு சட்டி சூப் இருக்கிறது, எது ருசி என்று நான் சொல்லக் கூடாதாம்.

வழியில் பென்னிங்டன் அந்த அட்டையை அவளிடம் காட்டினார். ஒரு விநாடிகூடப் பார்க்கவில்லை. “என்னங்க, இது உங்க கையெழுத்துதானே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், பிப்ரவரிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. ஆகவே மேலே மடையன் என்று எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். ஹெவினாவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன்.

ஓல்வென் வீட்டுக்கு வந்துவிட்டதால் எனக்கு இனி பஸ் அவசியமில்லை, மனுவை வேண்டுமானால் கிழித்துப் போடுங்கள் என்று எழுத இருந்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த உங்கள் அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்:

தம்பி, மனுவைக் கிழிக்காதே. தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி நாளைக்கே அனுப்பு. வந்து மூணு மணி நேரம்தான் ஆச்சு. இந்த மனுஷன் இதுவரைக்கும் அந்த பஸ் கதையை எனக்கு நாலு தடவை சொல்லிட்டார், கடைசி ரெண்டு வரியைத் திருப்பித் திருப்பி. வாரத்துல ரெண்டு நாளாவது நான் டவுனுக்குப் போயாகணும். — ஓல்வென்