மழைக்காரருக்கு ஒரு தாம்பூலத் தட்டு

தன் கையால் ஒன்றையும் செய்யாமல் உலகத்துக்கே விருந்து வைத்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரும் சிங்காநல்லூரில், எங்கள் பிரவுசிங் சென்டரின் மூலைக் கம்ப்யூட்டரில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைக் கூட்டாஞ்சோறு என்றே கூப்பிட்டோம். அவருக்கு வேறு பெயர் இருக்கும் என்ற நினைப்பே, சத்தியமாக, எனக்கு வந்ததில்லை.

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். நான் அந்த சென்டரைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தேன். கூட்டாஞ்சோறு காங்கேயத்துக்காரர், வீட்டில் தேங்காய் எண்ணெய் மில். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வா, மில்லுக்கு உதவும் என்று அனுப்பிவைத்தார்கள். இவர் வந்து கார் ரேஸ் கேம் கற்றுக்கொண்டார்.

அதிலும் கார் ஓட்டுவதில் அவருக்கு ஆசையே கிடையாது. அந்த கேமுக்கு வெளிநாட்டில் யார் யாரோ வீட்டிலிருந்தபடியே புதுச் சாமான்கள் செய்து நெட்டில் போட்டுவைப்பார்கள். மாட் என்று பெயர். ஒருவர் மரம் செய்திருப்பார், ஒருவர் பஸ், இன்னொருவர் ஹாரன் சத்தம் மட்டும். தனித்தனியாக எடுத்துப் போட்டால் ஒன்றோடு ஒன்று சேராது. பஸ்ஸைப் போட்டால் மரம் மறைந்துவிடும். மரத்தைப் போட்டால் பஸ் வானத்தில் ஓடும். கூட்டாஞ்சோறு எல்லாவற்றையும் சண்டை தீர்த்து உட்காரவைத்து, யாரும் ஒரே டவுன்லோடில் எடுத்துக்கொள்ளும்படி ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இத்தனைல உங்குளுது எது?" என்று எங்கள் ஓனர் ஒருநாள் கேட்டார்.

"என்றது ஒண்ணுமில்லீங்க. அரிசி ஒருத்தரூட்டுது, பருப்பு ஒருத்தரூட்டுது. நான் அடுப்பு மூட்டறனுங்க, அவ்வளவுதான்."

அன்றைக்கு வந்த பெயர்தான் கூட்டாஞ்சோறு.

இந்த அடுப்பு மூட்டுகிறவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கேமைத் திறந்ததும், சாமான் செய்த அத்தனை பேரின் பெயரும் திரையில் ஓடவேண்டும். எந்தப் பட்டனைத் தட்டினாலும் அது நிற்காது. மஞ்சள் பின்னணி, மேலே பிள்ளையார், நான்கு மூலையிலும் வாழைமரம். அச்சு அசல் கல்யாணப் பத்திரிகை! பெயருக்கு முன்னால் ஊர் வேறு போட்டாக வேண்டும். அதற்காக ஒவ்வொருவருக்கும் மெயில் போட்டு, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று விசாரிப்பார். அவர்களில் பாதிப்பேர் புனைபெயர்க்காரர்கள். ஆகவே, 'ஹெல்சிங்கி, இருட்டு ஓநாய் அவர்கள்' என்று பயபக்தியோடு ஒரு வரி ஓடும். கார் ஓட்ட வந்த பையன்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

"எதுக்குங்க இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"பத்திரிகைல ஒரு பேரு உட்டுப்போச்சுன்னா பங்காளி பந்திக்கு வருவாங்களா தம்பி? எங்க சித்தப்பா ஊட்டுக் கல்யாணத்துல அப்படி உட்டுப்போயி, இன்னிக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க."

ஒருவழியாக மூட்டை நெட்டில் ஏறியது. அடேயப்பா, சென்டரில் நிற்க இடமில்லை! எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது அதிலிருந்த மழைதான். கண்ணாடியில் துளித்துளியாக விழுந்து வழியும். கூட்டாஞ்சோறு காரை ஓரமாக நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். "எங்கூர்ல மழையப் பாக்கோணும்னா இதுலதானுங்க பாக்கோணும்" என்பார்.

அந்த மழையில்தான் வினை வந்தது. நார்வேயிலிருந்து ஒரு மெயில். 'இது நான் செய்த மழை. என்னைக் கேட்காமல் எப்படி எடுத்தீர்கள்?' மரம் செய்தவரின் மூட்டைக்குள்ளேயே அந்த மழையும் கிடந்திருக்கிறது. அதுவும் மரக்காரருடையதுதான் என்று நம்பி, அவர் பெயரை மட்டும் போட்டிருந்தார் நம்மாள்.

மெயிலைப் படித்தவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. நெட்டில் போட்டிருந்த மூட்டையை அப்படியே எடுத்துவிட்டார். மாதக்கணக்கான உழைப்பு. ஓனர் அலறினார்.

"மழைய மட்டும் எடுத்துப்போட்டு மத்ததக் குடுங்க! வெயில்ல ஓட்டுனா காரு ஓடாதுங்களா?"

"இல்லீங்க. அடுத்தவங்க சாமானக் கேக்காம எடுத்துப் பந்தி வெச்சுப்போட்டேன். அவரு செரின்னு சொல்லாம இனி எலை போட மாட்டனுங்க. சொல்லவே இல்லீன்னா, இதோட உட்டுப்போட்டு ஊருக்குப் போறேன்."

சும்மா மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் போடலாம் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். விட்டுப்போன பங்காளியைத் தட்டோடு நேரில் போய்த்தான் அழைக்க வேண்டுமாம். நார்வேக்கு எந்த பஸ்ஸில் போவது? யோசித்தார். அடுத்த நாள் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, பக்கத்து ஸ்டுடியோவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கையில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம் அடுக்கிய தட்டு.

"பொண்ணு ஊட்டுக்கு அனுப்பறதுக்குங்களா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"இல்லீங்க, மழைக்கு."

ஸ்டுடியோக்காரர் தட்டை நேராகப் பிடிக்கச் சொல்லி லைட்டைப் போட்டார். போட்டோவை ஸ்கேன் செய்து மெயிலில் சேர்த்தோம். இங்கிலீஷ் என்னுடையது, வாசகம் அவருடையது. 'தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ எழுந்தருளி, மழையைத் தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்' என்பதை இங்கிலீஷில் எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பதில் வரவில்லை. தினமும் வந்து மெயிலைத் திறப்பார், மூடுவார், கேமைத் தொடாமலே போய்விடுவார். ஊரிலிருந்து அவர் அப்பா வேறு, வந்து மில்லைப் பார் என்று போன் மேல் போன். நெட்டுக்கும் அதே லைன்தான், அவர் பேசி முடிக்கும்வரை நெட் கிடையாது.

பெட்டியைக் கட்டிவிட்டேன் என்று அவர் சொன்ன வாரத்தில் வந்தது பதில். 'வாழைப்பழம் எதற்கு என்று புரியவில்லை. ஆனால் என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. மழையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோர் பெயரும் இருக்கிற இடத்தில் உங்கள் பெயர் ஏன் இல்லை?'

கூட்டாஞ்சோறு சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அடுப்பு மூட்டறவன் பேரையெல்லாம் பத்திரிகைல போடுவாங்களாக்கு?" என்றார். நார்வேக்காரரின் பெயரை ஊரோடு எல்லோருக்கும் மேலே ஏற்றி, மூட்டையைத் திரும்ப நெட்டில் போட்டுவிட்டுக் காங்கேயத்துக்கு பஸ் ஏறினார்.

அடுத்த வைகாசியில் எனக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கும்போது, நார்வேக்காரர் கேட்ட அந்தக் கேள்விதான் ஞாபகத்துக்கு வந்தது. நல்வரவை நாடுவோர் வரிசையில் நம் அடுப்பு மூட்டுகிறவரின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். பெயர் என்ன என்று பிரஸ்காரர் கேட்டார். திருதிருவென்று விழித்தேன். கடைசியில், 'காங்கேயம், கூட்டாஞ்சோறு அவர்கள்' என்றே அச்சாகிவிட்டது. எங்கள் பெரியப்பா, "இது எந்தப் பங்காளிடா?" என்று வீட்டையே ரெண்டாக்கினார். மில்லின் பெயரை எழுதித் தபாலில் ஒன்று அனுப்பிவைத்தேன்.

வந்துவிட்டார் மனுசன், முகூர்த்தத்துக்கு முன்பே. மணவறைக்குப் பக்கத்திலேயே பத்திரிகையை விரித்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

"பேரப் போட்டிருக்கறீங்க, செரி. என்னையக் கேட்டீங்களா தம்பி?"

பக்கத்தில் வரிசைத் தட்டு ஒன்று இருந்தது. மாலையும் கழுத்துமாக எழுந்து, அதை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். ஒரே ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி பந்திப்பக்கம் போனார். கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை சாம்பார் வாளியை அவர் கீழே வைக்கவில்லை.