ஆடவில்லை மாமா, ஓடினோம்

டெல்ஃப்ட், ஒல்லாந்து
02.09.2009

மதிப்புக்குரிய சீனிமுகம்மது மாமா அவர்களுக்கு மருமகள் றாஹிலா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். உங்களுடைய பிறஷர், மாமியின் முழங்கால், கடையின் பின்கதவு எல்லாம் நல்ல நிலையில் இருக்க துஆ செய்கிறேன். இங்கே எட்டரை மணிக்குத்தான் சூரியன் போகிறது. நோன்பு திறக்கும்வரை செய்வதற்கு வேறு வேலை இல்லாததால், உங்கள் கடிதத்தை ஒன்பது தடவை வாசித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியது தெளிவாக விளங்கியது. பாட்டுக் கூத்தில் நான் கையைத் தூக்கி ஆடும் படம் சாய்ந்தமருதில் எல்லோரிடமும் இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் உங்களால் தலைநிமிர்ந்து உட்கார முடியவில்லை. ஆகவே படித்தது போதும், இன்னும் பத்து மாதம் இருந்தாலும் பரவாயில்லை, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் ஊருக்கு வந்துவிட வேண்டும். வாப்பா இல்லாத வீட்டில் உங்கள் சொல்தான் கடைசிச் சொல் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சொல்லைச் சொல்லுவதற்கு முன் என் பக்கத்தையும் ஒரு தடவை வாசியுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். உங்கள் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. நீங்கள் சொல்லச் சொல்ல மகன் ஸஜாத் தட்டியிருக்கிறார் என்பது எழுத்துப் பிழைகளில் தெரிந்தது. நான் தபாலில் அனுப்புவது, உங்களுக்கு எழுதுவதை நீங்களே முதலில் வாசிக்க வேண்டும் என்பதற்காக. படத்தைக் கண்டுபிடித்ததும் ஸஜாத் மச்சான்தான் என்று கேள்விப்பட்டேன். கல்முனை நெட் கபேயில், தடுப்புப் பலகைக்குப் பின்னால் இருந்துகொண்டு, ஒல்லாந்துப் பெண்கள் அரைகுறை உடுப்போடு ஆடும் ஆயிரத்துச் சொச்சம் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஹபாயா போட்ட என்னை அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுமையாக அவர் அங்கே என்ன தேடினார் என்று நிர்வாகத்தில் ஒருவரும் கேட்கவில்லையா?

நோன்புக்கு முந்தின மாதம் போனது உண்மை. ஏன் போனேன் என்றால், சும்மா கிடைத்தது. எங்கள் வீட்டுக்காரியின் மகன் சைக்கிளால் விழுந்து காலை முறித்துக்கொள்ள, அவனுடைய இரண்டு டிக்கட்டையும் அந்த மனுசி எங்களிடம் தந்தாள். எங்களிடம் என்பது என்னிடமும் மேனுஜாவிடமும். நீங்கள் எழுதிய ‘அந்தக் காரைதீவுப் புள்ள’ இவள்தான். ஒரே றோட்டில் அடுத்தடுத்த ஊரில் இருபத்துநாலு வருஷம் இருந்துவிட்டு, நாங்கள் ஒருவரையொருவர் முதன்முதல் பார்த்தது இந்த ஊர் ரயில் நிலையத்தில். சண்டை முடிந்ததென்று மே மாதம் அங்கே ஊரெல்லாம் வெடி கொளுத்தியபோது அவள் மூன்று நாள் அடுப்புப் பக்கம் வரவில்லை. சோறு ஆக்கி வைத்தேன், சாப்பிட்டாள். அவளோடு இருக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் நான் வாசிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள்.

இசை விழா என்றதும் கதிரை போட்டிருப்பார்கள், இருந்து கேட்டுவிட்டு வரலாம் என்று நினைத்து, மீன் பணிஸ் பன்னிரண்டு சுட்டு எடுத்துக்கொண்டு போனோம். வாசலில் நின்றவன் அதை வாங்கி மணந்துபார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டிக்குள் போட்டான், பிறகு என் கையில் ஒரு பட்டியைக் கட்டினான், பட்டி இல்லாவிட்டால் தண்ணீர்கூடக் கிடையாதாம், உள்ளே போனால் கதிரையும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, கண்ணுக்கு எட்டின தூரம் சேறும் கூடாரமும்தான். சுனாமிக்குப் பிறகு நாங்கள் பாடசாலை மைதானத்தில் எட்டு மாதம் கிடந்தோமே, அதே தறப்பாள், அதே வரிசை, அதே கக்கூசு நாற்றம். வித்தியாசம் என்னவென்றால் இவர்கள் ஒரு வருஷமாகச் சேமித்து, சண்டை பிடித்து இடம் பிடித்து வந்து கிடக்கிறார்கள். மேனுஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

“ஏன் கா, இவங்களுக்கு வீடு இல்லயா?”

“இரிக்காம். பெரிய வீடுதானாம்.”

“கூடாரத்தச் சுத்தி ஒரு வாய்க்கால்கூட வெட்டல்ல பாரு. ராவைக்கு மழை வந்தா மிதப்பாங்க. படிச்ச சனமாம்!”

பாட்டைப் பற்றி எழுதச் சொன்னால், வரிப்பத்தான்சேனை நெல்லு மில்லுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள் மாமா, அதுதான் பாட்டு. மில்லில் நின்றால் கடைசியில் அரிசியாவது கிடைக்கும். பாடுகிறவர் என்று ஒருவரும் இல்லை. ஐந்து மாடி உயர மேடையில் ஒருவன் மேசைக்குப் பின்னால் நின்று, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறுகையால் பொத்தானைத் திருகுகிறான். தான் போடுவதைத் தன்னாலேயே கேட்க முடியாமல் காதைப் பொத்துகிறான் என்று நினைக்கிறேன். திருகிவிட்டுக் கையை உயர்த்துவான், நாற்பதாயிரம் பேர் கத்துவார்கள். கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டும் எங்கள் பக்கீர் முகைதீன் காக்கா இருபது வருஷமாக இதையேதான் செய்கிறார். அவருக்குக் கைதட்டியவர் உண்டா? சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஏசினவர்கள்தான். ஒரு நீண்ட வரிசையைக் கண்டோம். வரிசையைக் கண்டால் முதலில் போய் நின்றுவிட்டு, பிறகுதான் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்பது எங்கள் பழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். முக்கால் மணித்தியாலம் நின்றோம். முன்னால் போனால், கரடி வேஷம் போட்ட ஒருவன் வருகிற ஆட்களை எல்லாம் கட்டிப்பிடித்து அனுப்புகிறான். எங்களைக் கண்டு அவன் கையை விரித்த வேகத்துக்கு இரண்டு மடங்கு வேகத்தில் நாங்கள் விலகிவிட்டோம் என்பதை நிர்வாகத்தில் அவசியம் சொல்லவும்.

இனிப் படத்துக்கு வருகிறேன். நாங்கள் நின்ற அந்த வயல் ஒருகாலம் கடலின் அடி. ஒல்லாந்தர் அணையைக் கட்டி, தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, அந்தக் கிடங்குக்குள் ஊர் வைத்திருக்கிறார்கள். கடல்மட்டத்துக்கு நான்கு மீற்றர் கீழே. இதை நான் சும்மா சொல்லவில்லை, நீங்கள் நிறுத்தச் சொல்லும் படிப்பே இதுதான். சரியாக நாலு மணிக்கு, நாங்கள் ஓரமாகக் குந்தியிருந்து கரடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சைரன் ஊதியது. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஊதியது. ஊதி முடிவதற்குள் எங்கோ ஒரு கயிறு அவிழ்ந்தது போல அவ்வளவு சனமும் ஒரே பக்கமாக ஓடத் தொடங்கியது.

“ஏன் ஓடுறாங்க?” என்று மேனுஜா எழும்பினாள்.

“கேக்கிறதுக்கு நேரமா கா இது? அணை உடைஞ்சிட்டு! ஓடு!”

நீங்கள் சொல்லுங்கள் மாமா, சைரன் கேட்கிறது, சனம் ஓடுகிறது, நிற்பது கடலுக்குக் கீழே: எங்கள் ஊரில் பிறந்த ஒருத்தி வேறு என்ன நினைப்பாள்? அந்தச் சைரன்தான் பாட்டின் ஆரம்பம் என்றும், ஓடியவர்கள் மேடைக்கு முன்னால் இடம் பிடிக்க ஓடியவர்கள் என்றும் பிறகுதான் தெரிந்தது. கடல் வந்தால் உயரமான இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் பாடம். அங்கே உயரமாக இருந்தது அந்த மேடை மட்டும்தான். மேனுஜாவின் ஒரு செருப்பு போயிற்று, என் கைக்கடிகாரம் போயிற்று. ஒல்லாந்துக்காரருக்கு நீளமான கால்தான், ஆனால் அவர்கள் பாட்டுக்கு ஓடினார்கள், நாங்கள் உயிருக்கு ஓடினோம். எல்லோரையும் முந்திக்கொண்டு மேடையின் முன்கம்பியில் போய் விழுந்த முதல் இரண்டு பேர் நாங்கள்தான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் மலை மாதிரி ஒரு காவல்காரன். நான் இங்கிலிசும் மறந்து, “ஏத்துங்க! எங்கள மேல ஏத்துங்க!” என்று கத்துகிறேன். அவன் சிரித்துக்கொண்டு தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நீட்டுகிறான். மேனுஜா “முருகா, முருகா” என்கிறாள். நான் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கலிமா சொல்கிறேன், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. அந்த நேரம் பார்த்துக் கமராக்காரன் வந்து சேர்ந்தான். மேடையின் இரண்டு பக்கத் திரையிலும் என் முகம் மூன்று மாடி உயரத்துக்கு எழும்பியது. சனம் ஆரவாரித்தது. பொத்தான் திருகுகிறவன் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். அவனுடைய பாட்டுக்காக இப்படி அழுதவர்கள் அதுவரை இருக்கவில்லை போல. பக்கத்தில் வந்து நின்ற ஒரு பையன், இது உங்களுக்கு முதல் தடவையா என்று கேட்டான். இரண்டாயிரத்து நாலு, அதற்கு அடுத்த மார்ச், இரண்டாயிரத்து ஏழு என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, “நாலாவது தடவை” என்றேன். அவன் மரியாதையோடு தள்ளி நின்று இடம் விட்டான். இதுதான் மாமா, ஊர் முழுக்கப் பார்த்த ஆட்டம்.

தலைக்கு மேலே நான் தூக்கிப் பிடித்த நீலப் பொருளை, பாட்டுக்காரனுக்காக எழுதிக் கொண்டுபோன பதாகை என்று ஸஜாத் மச்சான் விளக்கம் சொன்னாராம். அது எங்கள் பை. ஒவ்வொரு வீட்டிலும், கடல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட, பத்திரங்களோடு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறதே, அதே பை. உம்மாவுக்குப் படத்தைக் காட்டியபோது அவ என் முகத்தைப் பார்க்கவில்லை. போனில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“புள்ள, பைய விட்டிட்டு ஓடலதானே?”

“இல்லம்மா. கையிலதான் இரிந்திச்சி.”

“வாப்பாட மவுத்துப் பத்திரம்?”

“அதுவும் உள்ளுக்குத்தான்.”

“ஆ. அப்ப செரி” என்று போனை வைத்துவிட்டா. வாப்பா கடல் வந்த அன்றைக்குக் கேற்றடி வரைக்கும் எங்களோடு வந்துவிட்டுத் திரும்பிப் போனது அந்தப் பைக்காகத்தான் என்பதை உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. மூன்றாம் நாள் வாப்பாவைத் தூக்கியபோது அவருடைய கையிலிருந்து அதைக் கழற்றியது நீங்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இரண்டாயிரத்து ஏழு செப்டம்பரில், கடல் வருகிறது என்று யாரோ கத்தியபோது, நீங்கள் கட்டியிருந்த சாரனோடு சம்மாந்துறை வரைக்கும் போனீர்கள். போய்ப் பார்த்தால் கையில் பைக்குப் பதிலாக டீவி றிமோட். திரும்பி வந்து, “நான் ஓடல்ல, சனம் எவ்வளவு தூரம் போகிதெண்டு பாக்கப் போன” என்று சந்தியில் நின்று சொன்னீர்கள். நாங்கள் எல்லோரும் நம்பினோம் மாமா. உம்மா நம்பினா, மாமி நம்பினா, றிமோட்டைக் கொண்டுபோய்க் கடை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டியதைப் பார்த்த நானும் நம்பினேன். இன்றுவரைக்கும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. நீங்கள் ஓடவில்லை என்று நான் நம்பியது போல, நான் ஆடவில்லை, ஓடினேன் என்று நீங்கள் நம்ப வேண்டும். அந்தப் பத்து மாதத்தையும் முடித்துக்கொண்டு வர விட வேண்டும். எங்கள் ஊருக்கு அணை கட்டத் தெரிந்த ஒரு ஆள் தேவை. ஓடத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

மாமிக்கும் வீட்டில் எல்லோருக்கும் சலாம். ஸஜாத் மச்சானுக்கு நேர்வழி கிடைக்கவும், நெட் கபேயில் கரண்ட் போகவும் துஆ செய்கிறேன். உங்கள் தறாவீஹ் துஆவில் என்னையும் மேனுஜாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஆட்சேபனை இல்லையாம், கேட்டுவிட்டேன்.

வஸ்ஸலாம்.
உங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகள்,
றாஹிலா

பி.கு.: இதைத் தனித்தாளில் எழுதியிருப்பது, நிர்வாகத்தில் மற்றதை வாசிக்கும்போது இது கூட வராமல் இருக்க. இன்னொரு படம் இருக்கிறது மாமா, ஐந்தே முக்காலுக்கு எடுத்தது. ஸஜாத் மச்சான் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வந்து சேரவில்லை, வந்துவிடுவார். அதில் என் இரண்டு காலும் நிலத்தில் இல்லை. பை கழுத்தில் தொங்குகிறது, மேனுஜா ஒற்றைச் செருப்போடு என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் இருக்கிறாள், இரண்டு பேருக்கும் வாய் முழுக்கச் சிரிப்பு. அதை ஓட்டம் என்று என்னால் எழுத முடியாது. முன்னால் கம்பி, ஓட இடம் இல்லை. நடந்தது இதுதான்: தண்ணீர் வரவில்லை என்று விளங்கிய பிறகு நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். நாற்பதாயிரம் பேர் ஓடியிருக்கிறார்கள். ஓடின எல்லோரும் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. அதற்குப் பிறகு அந்த நெல்லு மில் எனக்குப் பாட்டாகக் கேட்டது, ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆடினேன். படிப்பை நிறுத்துவது என்றால் இந்தத் தாளை உம்மாவிடம் காட்டுங்கள். இல்லை என்றால் கடை மேசை லாச்சியில், அந்த றிமோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.