கைக்கு ஒன்றும் ஆகக்கூடாது

"ஆளு வேணும்னா நான் வரேண்ணே. கையத் தரமாட்டேன்" என்றான் குமரவேல்.

புகழ்வேந்தனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மாலை நாலு மணிக்கு விழா. கிருமாம்பாக்கத்திலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊரின் இளைஞர் நற்பணி மன்றத்துக்கு அவன்தான் செயலாளர். மன்றத்து இளைஞர்களில் மிகவும் சின்னவனுக்கு முப்பத்துநாலு வயது. ஐந்து வருஷமாக ஒழுகும் கூரைக்குக் கீழே நனைந்துகொண்டிருக்கும் படிப்பகத்துக்குப் புதுக் கட்டடம் அறிவிக்க, வாரியத் தலைவர் ஒருவர் நேரில் வருகிறார். அவர் மேடையில் உட்காரத் தங்கவேல் வீட்டுத் தேக்கு சோபா வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தால் கட்டடமும் பிளாஸ்டிக்கில்தான் வரும் என்று கமிட்டியில் ஒருமனதாக முடிவாகியிருந்தது.

அந்தச் சோபாவுக்கு நாலு ஆள் வேண்டும். போன பொங்கல் விழாவுக்குத் தூக்கியபோது நிலைப்படியில் மாட்டிக் குமரவேலின் மோதிரவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. மறுநாள் அவன் மனைவி கஸ்தூரி மன்றத்து வாசலில் நின்று பேசிய பேச்சில் உள்ளே கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தார்கள். அதிலிருந்து ஊரில் யாரும் மன்றத்துக்காக ஒரு முக்காலியைக்கூடத் தூக்குவதில்லை.

"இன்னிக்கு யாரு கைக்கும் ஒரு கீறல் வராதுடா. வந்தா பதவிய ராஜினாமா பண்றேன்."

"எழுதிக் குடுண்ணே" என்றாள் கஸ்தூரி, புருஷனுக்குப் பின்னாலிருந்து.

புகழ்வேந்தன் எழுதிக் கொடுத்தான். அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் போன மாதம்தான் இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. அன்றிலிருந்து வீட்டில் தோசைக்கல்லைத் தொடவே மனைவிக்கு ஏழு விதிமுறை வகுத்திருந்தான். அவள் ஏழையும் கேட்டுவிட்டு, "அப்ப நீயே சுட்டுக்கோ" என்று கரண்டியைக் கையில் கொடுத்திருந்தாள்.

பையிலிருந்து நாலு ஜோடி வெள்ளை நூல் கையுறைகளை எடுத்து விநியோகித்தான். குமரவேல், பலராமன், இன்னும் இரண்டு பேர், கல்யாண பேண்டு வாத்தியக்காரர்களைப் போலத் தங்கவேல் வீட்டுக் கூடத்தில் அணிவகுத்தார்கள்.

தங்கவேல் முப்பது காணி கரும்பு வைத்திருப்பவர். சோபாவைப் பிள்ளையைப் போலத் தடவிக் கொடுத்தார். "ஐயா வராருன்னு நேத்துதான் வார்னிஷ் அடிச்சி வெச்சேன். ஒரு கோடு விழுந்தாலும் அவர ஒங்க மடியிலதான் ஒக்கார வெக்கணும், சொல்லிட்டேன்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு!"

நாலு பேரும் நிமிர்ந்தார்கள். சோபா நிமிரவில்லை. அரையடி மேலே வந்து, நூல் கையுறைக்குள் விரால் மீனாக வழுக்கிப் பலராமனின் வலது கால் கட்டைவிரலில் இறங்கியது.

"கைய காட்டு, பலராமா!" என்று ஓடினான் புகழ்வேந்தன்.

"காலுண்ணே! காலு!"

"கைய காட்டுடா மொதல்ல." திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாத்தியா, ஒண்ணும் ஆவல. கிளவுஸு வேல செய்யுது."

பாகூருக்கு வண்டியை விரட்டி, கொத்தனார்கள் மாட்டுகிற, நீல ரப்பர் பூசிய கையுறை வாங்கி வந்தான். பலராமனுக்குப் பதிலாகத் தங்கவேலே ஒரு மூலை பிடித்தார். இந்த முறை பிடி, உடும்புப் பிடி. கூடம் தாண்டி, நிலைப்படி தாண்டி, வெயில் கொளுத்தும் வாசல்வரை சோபா வந்துவிட்டது. கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள்.

"சரி, கைய எடுங்க" என்றான் புகழ்வேந்தன்.

"வரலண்ணே" என்றான் குமரவேல்.

நேற்று அடித்த வார்னிஷ் இன்னும் காயவில்லை. வெயில் பட்டதும் அது பாகாக இளகி, ரப்பரும் தேக்கும் ஒன்றாகிவிட்டன. குமரவேல் மெதுவாகக் கையை உருவினான். கை வந்தது, கையுறை வரவில்லை. மற்றவர்களும் உருவினார்கள். சோபாவைச் சுற்றி எட்டு நீலக் கைகள் ஆசீர்வாதம் கேட்பதுபோல ஒட்டிக்கொண்டு நின்றன.

தங்கவேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "யோவ், இத்த இன்னான்னு அவருக்குச் சொல்றது?"

"தேங்கெண்ண தடவினா வுட்டுடும்" என்றாள், புருஷன் கைக்குக் காவலாகக் கூடவே வந்திருந்த கஸ்தூரி.

தடவினார்கள். விட்டது. கூடவே வார்னிஷும் விட்டது. அதைவிட மோசம், எண்ணெய் இறங்கிய சோபாவை இப்போது மல்யுத்த வீரன் வந்தாலும் பிடிக்க முடியாது. மணி இரண்டு. குமரவேல் எண்ணெய்க் கையைப் பார்த்தான், கஸ்தூரியைப் பார்த்தான், புகழ்வேந்தனைப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் தெருக்கோடியில் வாய்க்கால் தூர் வாரிக்கொண்டிருந்த மாரிமுத்துவின் ஜேசிபி புகழ்வேந்தன் கண்ணில் பட்டது. பயிற்சியில் சொன்னது பளிச்சென்று ஞாபகம் வந்தது: ஆபத்தான இடத்தில் கையே இல்லாவிட்டால் கைக்கு ஆபத்தே இல்லை.

"கையே வாணாம்டா!" என்று கத்திக்கொண்டு ஓடினான்.

பழைய மெத்தையை விரித்து, சோபாவை உருட்டித் தள்ளி, ஜேசிபி வாளியில் ஏற்றினார்கள். மாரிமுத்து சாமி புறப்பாடு மாதிரி பவ்வியமாக ஓட்டினான். பின்னால் தங்கவேல் கைகூப்பியபடி நடந்தார். எல்லாம் மேடைக்கு முன்னால் இருந்த வளைவு பேனர்வரைதான். வாளியின் பல் ஒன்று, கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்த தலைவரின் கழுத்தில் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை கிழித்துவிட்டது.

"டேப் போட்டு ஒட்டு! ஒட்டு!"

ஒட்டினார்கள். தூக்குப் போட்ட தடம் போலத் தெரிந்தது.

"மேல ஒரு மாலைய மாட்டிட்டா மறைஞ்சிடும்" என்று யோசனை சொன்னான் பலராமன். மாட்டியும் விட்டான்.

அந்தப் பக்கமாகச் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எப்பப்பா? நல்ல மனுசனாச்சே" என்று விசாரித்தார்.

"ஏய், மாலைய கழட்டுடா!" என்று அலறினான் புகழ்வேந்தன்.

மேடையில் சோபா இறங்கியதும் ஒரு பலகை முறிந்து, இடது முன்கால் உள்ளே போனது. முட்டுக் கொடுக்கச் செங்கல் கிடைக்கவில்லை. படிப்பகத்திலிருந்து ஆறு கெட்டியான பொது அறிவுத் தொகுதிகளைக் கொண்டுவந்து சொருகினார்கள். வந்த நாளிலிருந்து அந்தப் புத்தகங்கள் ஒரு பயனுக்கு வந்தது அன்றுதான். சாயம் போன சோபாவின் மேல் தங்கவேல் மனைவியின் பட்டுப்புடவையை விரித்ததும் சிம்மாசனமாகவே ஆகிவிட்டது. மாரிமுத்து வேறு வேலை இருக்கிறதென்று வண்டியோடு கடலூர் ரோட்டுக்குப் போய்விட்டான்.

நாலரை மணிக்குக் கஸ்தூரி மேடை ஓரம் வந்தாள். புருஷனின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, நகம் நகமாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. தேங்காயெண்ணெய் புண்ணியத்தில் முன்னைவிட மினுமினுப்பாகவே இருந்தன.

"வார்த்தைய காப்பாத்திட்டண்ணே" என்று சொல்லி, ராஜினாமாக் காகிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

புகழ்வேந்தனுக்குக் கண் கலங்கியது. பலராமன் நொண்டினால் என்ன? தங்கவேலின் வார்னிஷ் போனால்தான் என்ன? தன் ஆயுளில் முதல்முறையாக அவன் ஏற்பாடு செய்த ஒரு காரியத்தில் ஒருவர் கைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வெடிச் சத்தத்தோடு கார் வந்தது. தலைவர் ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல் மேடை ஏறினார். எல்லோருக்கும் கும்பிடு போட்டார். பட்டுப்புடவை போர்த்திய சோபாவைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"ஒக்காருங்கய்யா" என்றார் தங்கவேல்.

"இருக்கட்டும்."

"ஒங்களுக்காகவே கொண்டாந்ததுங்கய்யா. சும்மா ஒக்காருங்க" என்று புகழ்வேந்தன் அவர் தோளைத் தொட்டு அழுத்தாத குறையாகக் கெஞ்சினான்.

தலைவர் ஓரடி பின்வாங்கி, கட்டடத்தையும் மறந்தவர் போல அவனை முறைத்தார். அவருடைய டிரைவர் பதறிப்போய் மேடைக்கு ஓடிவந்து புகழ்வேந்தனின் காதில் சொன்னான்:

"சார், மொதல்ல நாலு பேரக் கூப்ட்டு இத்த அவுரு கண்ணு முன்னாலேருந்து தூக்கச் சொல்லுங்க, ஐயாவுக்கு மூலம் ஆபரேஷன் ஆயி அஞ்சு நாளுதான் ஆவுது!"