எஞ்சினுக்குள் இடுப்பளவு சிமெண்ட்

தனியாக இருக்கும் ஆம்பளையின் கையில் ஸ்பானரும் செல்போனும் ஒன்றாகக் கிடைக்கக் கூடாது. கிடைத்தால் அவன் கார் எஞ்சினுக்குள் சிமெண்ட் ஊற்றுவான். நான் ஊற்றினேன்.

மலைமேல் கட்டபெட்டு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எனக்கு ஃபிட்டர் வேலை. மகள் பிரியா கோயமுத்தூரில் கல்லூரியில் சேர்ந்ததும், அவளுக்குச் சமைத்துப்போட மனைவி சாந்தியும் கீழே இறங்கிவிட்டாள். குவார்ட்டர்ஸில் நான் மட்டும். ஃபேக்டரியில் மெஷின் சத்தத்தில் யாரோடும் பேச முடியாது. வீட்டுக்கு வந்தால் பேச ஆளே கிடையாது. (குக்கர் விசிலடித்தால் "வர்றேன், வர்றேன்" என்று பதில் சொல்லும் அளவுக்குப் போயிருந்தேன்.)

மே மாத லீவுக்கு மேலே வந்தவர்கள் இரண்டாம் நாளே பையைக் கட்டினார்கள். "இங்க என்னங்கப்பா இருக்குது? நீங்க டியூட்டிக்குப் போயிடறீங்க. நாங்க பனியப் பாத்துட்டு உக்காந்திருக்கோம்" என்றாள் பிரியா. குற்றமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அதிகமாக வலித்தது. அடுத்த மே மாதம் அவர்களை ஒரு வாரமாவது இருக்க வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எஸ்டேட் ஏரிக்கரையில் ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்து கிடந்தது. மேனேஜரிடம் அனுமதி வாங்கி, காயலான் கடையிலிருந்து ஒரு நாலு சிலிண்டர் கார் எஞ்சினைக் கொண்டுவந்தேன். புத்தியுள்ளவன் அதை அப்படியே பூட்டி ஓட்டியிருப்பான். நானோ செல்போனில் பந்தயப் படகு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். அதில் ஒரு வெள்ளைக்காரர் விளக்கினார்: வேகத்துக்காக சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கினால் அதன் சுவர் மெலிந்துவிடும். அதற்குப் பலம் கொடுக்க, சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடைவெளியில் பாதி உயரத்துக்குச் சிமெண்ட் போன்ற கலவையை ஊற்றி இறுக வைக்க வேண்டும். மேல் பாதியில் தண்ணீர் ஓடினால் போதும். படகுக்குத்தான் ஏரித் தண்ணீர் ஜில்லென்று வந்துகொண்டே இருக்குமே. பாதிக்கு மேல் போனால் எஞ்சின் வெந்துவிடும் என்று மூன்று தடவை எச்சரித்தார். நானும் மூன்று தடவை தலையாட்டினேன். (வீடியோவுக்குத் தலையாட்டுகிற நிலைமை உங்கள் யாருக்கும் வர வேண்டாம்.)

சிலிண்டர்களைக் குடைந்து முடித்து, எஞ்சினைக் குவார்ட்டர்ஸ் ஷெட்டுத் தரையில் பலகை போட்டு நிறுத்தினேன். வீடியோவில் வெள்ளைக்காரர் சாய்வு பார்க்கும் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தார். நான் கண்ணால் பார்த்தேன். இந்த மலையில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சரிவுதான் மட்டம். எங்கள் சமையலறையில் உருளைக்கிழங்கு கை தவறி விழுந்தால் குனிந்து தேட மாட்டோம். நேராக வாசற்படிக்குப் போய் எடுத்துக்கொள்வோம். அப்பேர்ப்பட்ட இடத்தில் எஞ்சின் கச்சிதமாக நிற்பதாக என் கண் சர்டிஃபிகேட் கொடுத்தது. கலவையை ஊற்றி, முதல் சிலிண்டர் பக்கம் ஒரு கம்பியை விட்டு அளந்து, பாதி வந்ததும் நிறுத்தினேன். மற்ற மூன்றையும் அளக்கவில்லை. எஞ்சின் பின்பக்கம் சாய்ந்திருந்ததால் முதல் சிலிண்டருக்கு இடுப்பளவும் நாலாவதுக்குக் கழுத்தளவும் சிமெண்ட் ஏறியிருந்தது எனக்குத் தெரியாது.

மே மாதம் வந்தது. அவர்களும் வந்தார்கள்.

"ஏனுங்க, இது போகுங்களா?" என்று லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள் சாந்தி.

"பறக்கும் பாரு."

பறந்தது. பொய் சொல்லக் கூடாது, இரண்டு நிமிஷம் நிஜமாகவே பறந்தது. பிரியா கத்திச் சிரித்தாள். ஒரு வாரம் என்ன, ஒரு மாதமே இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது நாலாவது சிலிண்டர் கொதித்துப்போய், உள்ளே பிஸ்டன் அசையாமல் இறுகிக்கொண்டது. புஸ்ஸென்று ஆவி கிளம்பி, நடு ஏரியில் நின்றோம். இவ்வளவு வேகமான படகுக்குத் துடுப்பு எதற்கு என்று அதைக் கரையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பத்து நிமிஷத்தில் பனி இறங்கி, கரையும் மறைந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் சிமெண்ட் கதையைச் சொன்னேன்.

"எஞ்சினுக்குள்ள சிமெண்ட்டா?" என்றாள் சாந்தி. "அளந்து ஊத்துனீங்களா?"

"அளந்துதான் ஊத்துனேன். முன்னால இருக்கற சிலிண்டர்ல."

"ஏனுங்க, ஒரு ஊட்ல ஒருத்தர் சாப்ட்டாங்களான்னு பாத்தா போதுங்களா? எல்லாரும் சாப்ட்டதா ஆயிருமா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. படகு ஆடியது. சாந்திதான் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இத்தன மாசமா இதத்தான் பண்ணிட்டிருந்தீங்களா? ஒண்டியா?"

"வேற என்ன பண்றது? நீங்க ரெண்டு பேரும் இல்லாம ஊட்டுக்குள்ள இருக்க முடியல" என்றேன். இருபது வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. கரையில் இருந்திருந்தால் அன்றைக்கும் வந்திருக்காது. பிரியா நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து எஸ்டேட் வாட்ச்மேன் லாரி டியூபில் மிதந்து வந்து கயிறு கட்டி இழுத்தார். இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த வருஷமும் அவர்கள் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டார்கள். கல்லூரி வேலை, அது இது. என் திட்டப்படி பார்த்தால் லாபம் ஒரே ஒரு நாள். ஆனால் பிரியா கோயமுத்தூர் போனதும் முதல் வேலையாக ஒரு ரசமட்டம் வாங்கி எனக்குக் கூரியரில் அனுப்பினாள். அது இப்போது சாப்பாட்டு மேசை மேல்தான் இருக்கிறது. கோயமுத்தூர் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் அவர்களிடம் படகுக் கதையைச் சொல்லி முடிக்காமல் சாந்தி காபி கொடுப்பதில்லை.

பிரியா தினமும் போன் செய்கிறாள். எடுத்தவுடன் அதே கேள்விதான்.

"அப்பா, ஊடு இன்னிக்கு எந்தப் பக்கமுங்க சாஞ்சிருக்குது?"

"கோயமுத்தூர் பக்கந்தான் அம்மணி" என்பேன்.

அப்புறம் போன் சாந்தி கைக்குப் போகும். அரை மணி நேரத்துக்கு அவள் வைக்க மாட்டாள்.